போர்க்கதை எழுத வரும் பிள்ளைகளுக்கு: பாராட்டு வரும்போது

சேலம், நாமக்கல் பக்கம் சரித்திரக் கதை எழுத வருகிற இளையவர்கள் இப்போது அதிகம். சங்ககிரிக் கோட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறி இறங்கினால் போதும், ஒரு நாவலுக்கு ஆசை வந்துவிடுகிறது. நாமக்கல் கோட்டை, ஆத்தூர்க் கோட்டை, கெட்டி முதலிகளின் தாரமங்கலம், கொல்லிமலை என்று பஸ் ஏறிப் போய்ப் பார்க்கும் தூரத்திலேயே நாலைந்து நாவலுக்குச் சரக்கு கிடக்கிறது. எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்கிறார்கள். அதை எழுதி எழுதித்தான் பிடிக்க வேண்டும். யாரும் கேட்காத ஒன்றைப் பற்றிச் சொல்லலாம் என்று இருக்கிறேன். கதை அச்சாகி வந்தபின் ஒருவர் வந்து "பிரமாதம்" என்கிறார். அந்தச் சொல்லை என்ன செய்வது?

குடும்பக் கதையைப் புகழ்கிறவர் கதையைப் புகழ்கிறார். போர்க்கதையைப் புகழ்கிறவர் பல சமயம் இரண்டு படைகளில் ஒன்றைப் புகழ்கிறார். இந்த வித்தியாசம் தெரியாமல் கெட்டுப்போன நல்ல கைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் குறிப்புகள்.

1. முதலில் புறநானூற்றின் 152ஆம் பாட்டை, உரையோடு, படித்துவிடுங்கள். வன்பரணர் பாடியது. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி வேட்டைக்குப் போயிருக்கிறான். அவன் விட்ட ஓர் அம்பு யானையைச் சாய்த்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் உருட்டி, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. காட்டில் எதிர்ப்பட்ட பாணர் கூட்டத்துக்கு இவன் யாரென்று தெரியாது. பார்த்தால் சும்மா வேட்டுவன் மாதிரியும் இல்லை. யாழும் முழவும் எடுத்து முறையோடு பாடி, தலைவனைக் குறிக்கும் சொல்லைச் சொல்கிறார்கள். அது தன்னைக் குறித்த சொல் என்பதால் அவன் நாணுகிறான். பிறகு சுட்ட மான்கறியும் மதுவும் கொடுத்து, தன் மலையில் விளைந்த பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான்.

பாராட்டை எப்படி வாங்க வேண்டும் என்பதற்கு இந்தப் பக்கத்தில் இதைவிடப் பழைய பாடம் கிடையாது. வெட்கம் வந்தால் வரட்டும், அது ஒன்றும் குறையில்லை. "அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நானெல்லாம் என்னத்த எழுதறேன்" என்று இழுக்காதீர்கள். அது இன்னொரு முறை சொல்ல வைக்கிற தந்திரம் என்று எதிரில் நிற்பவருக்கும் தெரியும். ஓரி மறுக்கவும் இல்லை, அம்பு எப்படிப் பாய்ந்தது என்று விளக்கிக்கொண்டு நிற்கவும் இல்லை. வந்தவர்களின் பசியைக் கவனித்தான். நீங்களும் நன்றி சொல்லிவிட்டு, வந்தவருக்கு ஒரு டீ சொல்லுங்கள். அவர் எந்த ஊர், என்ன வேலை, வேறு எதைப் படிக்கிறார் என்று கேளுங்கள்.

2. பேசுகிறவர் எங்கே நின்று பேசுகிறார் என்று பாருங்கள். ஒற்றன் கொண்டுவந்த செய்தியைப் படைத்தலைவன் அப்படித்தான் எடுத்துக்கொள்வான். செய்தி பொய் என்று தள்ளமாட்டான். இவன் எந்த மேட்டில் நின்று பார்த்தான், அங்கிருந்து எது தெரியும், எது மறையும் என்று கணக்குப் போடுவான்.

அந்த ஓரியைக் கொன்றவன் திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரி. கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு சொல்கிறது. ஓரி செத்த பிறகு அவன் ஊரின் பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த இரைச்சலைக் கபிலர் நற்றிணையில் ஓர் உவமையாக வைத்திருக்கிறார். அதே காரியை வள்ளல் என்று பாடியவரும் கபிலர்தான். கடையேழு வள்ளல் பட்டியலை எடுத்துப் பாருங்கள், கொன்றவனும் இருக்கிறான், செத்தவனும் இருக்கிறான். சிறுபாணாற்றுப்படை இருவரும் மோதியதைச் சொல்லிக்கொண்டே இருவரையும் புகழ்கிறது.

இன்றைக்கு இதை நாவலாக எழுதினால் செம்மேட்டில் ஓரி சிலைக்குப் பக்கத்தில் ஒரு பாராட்டு கிடைக்கும். திருக்கோவலூரில் நேர்மாறான பாராட்டு கிடைக்கும். இரண்டையும் ஒரே அத்தியாயத்துக்கு வாங்க முடிந்தால் நீங்கள் எழுத்தாளர். ஒரு பக்கம் கைதட்டலும் மறுபக்கம் கோபமும் வந்தால், உடனே உங்களைத் தைரியசாலி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தோற்றவன் படையில் நின்ற ஆட்களுக்கு நீங்கள் பெயர் வைத்தீர்களா என்று அந்த அத்தியாயத்தைத் திரும்பப் படியுங்கள்.

3. "நம்ம ஆளைப் பத்தி நல்லா எழுதிட்டீங்க." நம் வட்டாரத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போகிற முதல் பாராட்டு அநேகமாக இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தீரன் சின்னமலையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே நின்று வரிப்பணத்தை மறித்த கதை உங்கள் எல்லோருக்கும் பாட்டி சொல்லித் தெரியும். 1799இல் திப்பு சீரங்கப்பட்டணத்தில் விழுந்த பிறகும் கம்பெனிக்கு அடங்காமல் நின்றவர். ஓடாநிலையில் கோட்டை கட்டியவர். கடைசியில் பிடிபட்டு 1805 ஜூலை 31இல் தம்பிகளோடு சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். ஒவ்வோர் ஆடிப்பெருக்குக்கும் சங்ககிரியிலும் ஓடாநிலையிலும் மாலை விழுகிறது. இவ்வளவு பெரிய ஒரு வாழ்க்கையை எவன் எழுதினாலும், கொஞ்சம் சுமாராகவே எழுதினாலும், பொன்னாடை வரும். மண்டபத்தில் விழா எடுப்பார்கள். ஐம்பது பிரதி, நூறு பிரதி மொத்தமாக வாங்குவார்கள்.

வாங்கட்டும். அதில் பாதிப் பேர் கூடப் படிக்கமாட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அவர்கள் மாலை போடுவது சின்னமலைக்கு. உங்கள் கழுத்து அந்த நேரத்துக்கு அங்கே இருந்தது. இதைச் சொல்வதால் அவர்களை நான் இளப்பம் செய்யவில்லை. ஏட்டில் எழுதப்படாத ஒரு வீரனை இருநூறு வருஷம் வாய்ப்பாட்டாகவே காப்பாற்றி வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். அந்த நன்றி நமக்கு வேண்டும். ஆனால் அந்தக் கைதட்டலைக் கேட்டு அடுத்த புத்தகத்தின் கதாநாயகனை எந்தச் சமூகத்திலிருந்து எடுக்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்தால் விஷயம் வேறாகிவிடும். அப்புறம் உங்கள் பேனா விழாக் கமிட்டியின் பேனா.

ஒரு சோதனை உண்டு. சின்னமலையை எதிர்த்து வந்த கம்பெனிப் படையில் வெள்ளைக்காரர்கள் மட்டுமா இருந்தார்கள்? மதராஸ் படையின் சிப்பாய்களில் பெரும்பகுதி தென்னாட்டு ஆட்கள், மாதச் சம்பளத்துக்குத் துப்பாக்கி தூக்கியவர்கள். அவர்களில் ஒருவனுக்கு ஒரு பக்கம் கொடுத்துப் பாருங்கள். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவன், மழையில் நனைந்த வெடிமருந்தை வெயிலில் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். மண்டபத்தில் பேசுகிறவர்கள் யாரும் அந்தப் பக்கத்தைக் குறிப்பிட மாட்டார்கள். எங்கோ எடப்பாடியிலிருந்தோ பரமத்தியிலிருந்தோ ஒருவர் போன் செய்து அந்தச் சிப்பாயைப் பற்றி மட்டும் கேட்பார். அவர் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. அதே கதையில் சமையல்காரன் ஒருவன் வருகிறான். காட்டிக் கொடுத்தவன் என்று வாய்மொழிக் கதை சொல்கிறது. அவனை வில்லனாக எழுதினால் "அந்தத் துரோகியை நார்நாராக் கிழிச்சிட்டீங்க" என்று வரும். எல்லாப் பாராட்டிலும் சுலபமாகக் கிடைப்பது இது. எதற்காகக் கொடுத்தான், யாரைப் பிடித்து வைத்துக்கொண்டு அவனிடம் பேரம் பேசினார்கள், சோறு பரிமாறிய கை அன்றைக்கு நடுங்கியதா என்று எழுதிப் பாருங்கள். திட்டு வரும். திட்டியவர்களில் சிலர் இரண்டாம் முறை படிப்பார்கள்.

5. தரை தெரிந்தவர் சொல்லுக்குத் தனி மரியாதை கொடுங்கள். நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களில் பலர் இப்போது ராத்திரி ஓட்டத்தில் சரித்திர நாவல்களை ஒலிநூலாகக் கேட்கிறார்கள். பொன்னியின் செல்வனைக் கேட்டுக்கொண்டே பெங்களூர் போய்த் திரும்புகிறவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவரின் கதையில் மைசூர்க் குதிரைப்படை ஒன்று அமாவாசை இருட்டில் தொப்பூர்க் கணவாயை நாலு கால் பாய்ச்சலில் இறங்கி வரும். விமர்சகர்கள் அந்தக் காட்சியைத்தான் கொண்டாடினார்கள். ஒரு டிரைவர் மட்டும் கேட்டார்: "ஏனுங்க, ரெட்டைப் பாலத்துக்கிட்ட பிரேக்கு இருக்கற வண்டியே நிக்கறதில்ல. குருதைய இருட்டுல பாய விட்டா அது கால உடைச்சுக்காதுங்களா?"

அவர் புத்தகத்தைப் பழிக்கவில்லை. முழுசாகக் கேட்டிருக்கிறார், நம்பிக் கேட்டிருக்கிறார். நம்பியதால்தான் அந்த இடத்தில் இடறியிருக்கிறார். ஒரு போர் நாவலுக்குக் கிடைக்கக்கூடிய உசத்தியான வாசகர் இவர்தான் என்பேன்.

மாடு வைத்திருக்கிறவர்களும் அப்படித்தான். ஒரு படை நகரும் வேகம் அதன் பொதிமாடு நடக்கும் வேகம். 1791, 92இல் காரன்வாலிஸ் திப்பு மேல் போனபோது கம்பெனிப் படைக்கு அரிசி பருப்பு சுமந்தவர்கள் பிரிஞ்சாரிகள் என்ற லம்பாடி வணிகர்கள், ஆயிரக்கணக்கான எருதுகளோடு. எருது எவ்வளவு நடக்கும், எங்கே தண்ணி காட்ட வேண்டும், லாடம் கழன்றால் என்ன ஆகும் என்பதெல்லாம் நம் பக்கத்துச் சந்தைகளில் இன்னும் சிலருக்குத் தெரியும். அப்படி ஒருவர் உங்கள் அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு "மாட்டு சங்கதி சரியா இருக்குதுங்க" என்றால், வீட்டுக்குப் போய் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம்.

6. போரைப் பார்த்தவர்களின் பாராட்டு. இது நுட்பமான விஷயம், இரண்டு பக்கமும் இருக்கிறது.

டால்ஸ்டாய் 'போரும் அமைதியும்' எழுதும்போது 1867இல் பொரடினோ களத்துக்கே போய்ச் சுற்றிப் பார்த்தார். போர் நடந்தது 1812இல். அந்தப் போரில் காலை இழந்த நோரவ் என்பவர் அப்போது உயிரோடு இருந்தார், மந்திரியாகவும் இருந்து ஓய்ந்தவர். அவர் நாவலைப் படித்துவிட்டு, நாங்கள் பட்டதை இவர் சிறுமைப்படுத்திவிட்டார் என்று மறுப்பே எழுதினார். ஒரு காலைக் கொடுத்தவருக்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது. ஆனாலும் நாவல் நின்றது. களத்தில் நின்றவர் தன் மூலையைத்தான் பார்த்திருப்பார் என்பதும் உண்மை, அந்த மூலை அவருக்கு முழு உலகம் என்பதும் உண்மை.

அமெரிக்காவில் நேர் எதிராக ஒன்று நடந்தது. ஸ்டீபன் கிரேன் 1871இல் பிறந்தவர், உள்நாட்டுப் போர் முடிந்து ஆறு வருஷம் கழித்து. அவர் 1895இல் வெளியிட்ட போர் நாவலைப் படித்த பழைய சிப்பாய்கள் பலர், இவர் எங்களோடு களத்தில் இருந்தவர்தான் என்று நம்பினார்கள். ஆண்டீட்டம் சண்டையில் அவரோடு கூட இருந்தேன் என்று ஓர் அதிகாரி சாதித்ததாகவே சொல்வார்கள். எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. அந்த மனிதர் சொன்னது தப்பு என்பது வேறு விஷயம்.

நம் ஊர்களில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து தோட்டம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் உங்கள் புத்தகத்தைக் கொடுங்கள். "நல்லா இருக்குது" என்பார்கள், அதோடு நிறுத்திக்கொள்வார்கள். தோண்டாதீர்கள். எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தி வைத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அநேகமாகச் சண்டைக் காட்சியில் நிறுத்தியிருக்க மாட்டார்கள். சண்டைக்கு முந்தைய ராத்திரியிலோ, கடிதம் வீட்டுக்குப் போகிற இடத்திலோ நிறுத்தியிருப்பார்கள்.

7. "அழுதுட்டேங்க" என்றால், எந்தப் பக்கத்தில் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

8. கல்கி நம் ஊர்க்காரர் இல்லை, மாயவரத்துப் பக்கம். ஆனால் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925இல் தொடங்கிய காந்தி ஆசிரமத்தில் இருந்து, மதுவிலக்குக்காக நடந்த 'விமோசனம்' பத்திரிகையில் உழைத்தவர். பல்லவப் படையும் சாளுக்கியப் படையும் அவர் பேனாவில் மோதியது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால். ஆசிரமம் என்றதும் சென்னையிலிருந்து வருகிறவர்களை நினைக்காதீர்கள். தறிக்காரரும் பனையேறியும் வந்து போன இடம் அது. சாதாரண வாசகனுக்கு எட்டும்படி எழுத அந்த நாட்கள் அவருக்கு உதவியிருக்கும் என்று நான் நம்புகிறேன். இது என் ஊகம்தான்.

பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. முடிந்ததும் வாசகர்கள் விடவில்லை. அவர் என்ன ஆனார், இவள் என்ன ஆனாள், இப்படித் திடீரென்று முடித்துவிட்டீர்களே என்று எழுதித் தள்ளினார்கள். அதனால் கல்கி முடிவுரை ஒன்று எழுதி, அந்தக் கேள்விகளை வரிசையாக எடுத்துப் பதில் சொன்னார். அதைத் தனியாக எடுத்து வைத்துப் படியுங்கள். வாசகர் குறையை அவர் எரிச்சலோடு தள்ளவில்லை, சரித்திர நாவலுக்கு முடிவு ஏன் அப்படித்தான் இருக்கும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி சொல்கிறார். "அப்புறம் என்ன ஆச்சு?" என்ற கேள்வி "அருமை" என்ற சொல்லைவிடப் பல மடங்கு கனமானது. கேட்கிறவருக்கு உங்கள் ஆட்கள் இன்னும் சாகவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். கல்கிக்குத் தன் எழுத்தில் மனசுக்கு நெருக்கமாக இருந்தது 'அலை ஓசை'. சாகித்திய அகாடமி விருதும், அவர் காலமான பிறகு 1956இல், அதற்குத்தான் வந்தது. மக்கள் கையில் எடுத்துக்கொண்டதோ பொன்னியின் செல்வனை. 2022இலும் 2023இலும் சினிமாவாக வந்தபோது கூட, புத்தகத்தைப் படித்தவர்கள் படிக்காதவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டு தியேட்டரில் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் மனசுக்குப் பிடித்த பிள்ளையை ஊருக்கும் பிடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இதில் வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு வகையில் வேடிக்கையாகவே படுகிறது.

9. "அடுத்த கல்கி நீங்கதான்", "சாண்டில்யனுக்கு அப்புறம் நீங்கதான்." சொன்னவர் கடைசியாகப் படித்த சரித்திர நாவல் எது என்று இதிலிருந்து தெரியும். வேறொன்றும் தெரியாது.

10. தொடராக எழுதுகிறீர்களா? வாராவாரம் போன் வரும், வாட்ஸாப்பில் குரல் பதிவு வரும். "அவனை மட்டும் கொன்னுராதீங்க" என்று ஒரு பாட்டி கெஞ்சுவார். கற்பனைப் பாத்திரம் என்றால் கொஞ்சம் யோசிக்கலாம். ஆதித்த கரிகாலன் சாகத்தான் வேண்டும், சங்ககிரியில் கயிறு விழத்தான் வேண்டும். அந்தப் பாட்டிக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. "அடுத்த வாரம் படிக்காதீங்கம்மா" என்று சொல்வதுண்டு. அவர்தான் முதலில் படிப்பார்.

11. விருதும் பொன்னாடையும். தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தில் அரிசில்கிழார் பாடினார். தகடூர் என்றால் தர்மபுரி, நமக்குப் பக்கம். அரசன் அரசியோடு கோயிலை விட்டு வெளியே வந்து நின்று, ஒன்பது லட்சம் காசும் அரசுக் கட்டிலும் கொடுத்தான் என்கிறது பதிகம். கட்டிலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அமைச்சுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார் புலவர். அதே அரசனின் முரசு கட்டிலில் களைப்பில் தெரியாமல் படுத்துத் தூங்கியவர் மோசிகீரனார். வெட்ட வேண்டிய குற்றம். அரசன் பக்கத்தில் நின்று விசிறினான். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அந்தப் புலவர் அப்போது எதையும் பாடவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார்.

பரிசு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், பணம் தேவைதான். மேடையில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் புகழும்போது தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்தில் யாரும் விசிறமாட்டார்கள்.

12. ஒன்றுமே வராமலும் போகும். பெரும்பாலான புத்தகங்களுக்கு அதுதான் நடக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு மீட்கப் போய்ச் செத்த ஒரு வீரனுக்கு நட்டது. கூடவே அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும், அது கள்ளரைக் கடித்ததையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லை வெட்டியவன் யாரென்று கல்லில் இல்லை. நாய் பெயர் இருக்கிறது. தர்மபுரி, செங்கம் வட்டாரம் முழுக்க இப்படிக் கற்கள் நிற்கின்றன. ஒரு விடுமுறையில் நாலைந்தையாவது போய்ப் பாருங்கள். போரை எத்தனை சுருக்கமாக எழுதலாம் என்பதற்கும் அவை நல்ல பயிற்சி.

13. வந்த கடிதத்துக்குப் பதில் போடுங்கள். கையால் எழுதி வந்தால் கையால், போனில் வந்தால் போனில். புகழ்ந்தவருக்கு நாலு வரி, தப்பு கண்டுபிடித்தவருக்கு ஒரு பக்கம். சந்தேகம் கேட்டவருக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தேடிச் சொல்கிறேன் என்று சொல்லி உண்மையிலேயே தேடுங்கள். அடுத்த நாவலின் கதையை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். சொல்லும்போதே "பிரமாதம்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அப்புறம் உட்கார்ந்து எழுதக் கை வராது.